மேற்குச் சுவருக்கு அடித்த பூச்சு

வெளிச்சுவருக்கு எந்தப் பெயிண்ட் நல்லது என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். கடைக்குப் போகும் முன் சுவர் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நிறத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் வீட்டைக் கட்டும்போது போர்வெல் தண்ணீரில்தான் கலவை போட்டார்கள். ஊர்ச் சாயப்பட்டறைகளின் உப்பு அப்போதே நிலத்துக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கலவை பூசிய சுவர் வருஷா வருஷம் வெள்ளையாகப் பூத்துக் கொட்டும். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிப்போம், மறுபடி கொட்டும். 2005-இல் மகள் நிர்மலாவுக்குத் தை மாதம் கல்யாணம் குறித்ததும் என் வீட்டுக்காரர் சாமியப்பன், "இந்தத் தடவை நல்ல பெயிண்ட்டா அடிச்சரலாம். நீயே பாத்துச் சொல்லு மருதா" என்றார். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீட்டுக் காரியத்துக்கு நேரம் இருக்காது. ஆனாலும் அந்த வீட்டில் அதுவரை எதையும் நான் பார்த்துச் சொன்னதில்லை. எல்லாம் சொன்னவர் அவருடைய அக்கா பூவாத்தாள்.

எங்கள் பக்கம் வீட்டுக்காரரின் அக்காவை நங்கை என்போம். புருஷன் போன பிறகு தம்பியோடு வந்து சேர்ந்தவர். நான் கல்யாணமாகி வரும்போதே மேற்கு அறை அவருடையது. அவரும் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர்தான், பஞ்சுத் தூசி பட்டுப் பட்டு வீசிங் வந்திருந்தது. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். நான் வைத்த குழம்பைச் சட்டியோடு தூக்கிப்போய்ப் பக்கத்து வீட்டில், "பாருங்க, இதத்தான் என்ற தம்பி திங்கறான்" என்று காட்டியவர். அவ்வளவுதான்.

சம்பந்தி வீட்டார் வந்திருந்த அன்று ஷேட் கார்டை விரித்து இளமஞ்சளில் விரலை வைத்தேன்.

"ஏம்புள்ள, உங்கப்பன் ஊட்டுல தென்னந்தட்டி கட்டித்தான இருந்தீங்க? தட்டிக்கு என்ன கலரு அடிச்சாரு உங்கப்பன்?" என்றார் நங்கை.

சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சுண்ணாம்பே அடி. செவுரு காயும். ஈரம் நின்னுச்சுன்னா எனக்கு மூச்சு முட்டிக்கும்" என்றார் அடுத்தாற்போல். அவர் வாயால் சொன்னதுதான். நான் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழை விட்டுக் கார்த்திகையில் பெயிண்டர் கன்னையன் வந்தார். வீட்டைச் சுற்றிக் கையால் தடவிக்கொண்டே நடந்தவர் மேற்கே நின்றுவிட்டார்.

"அம்மிணி, மத்த மூணு பக்கமும் அடிச்சரலாங்க. மேக்காலச் செவுரு இப்ப வேண்டாங்க. சில்லுனு இருக்குது. கொழாய் வேற அடியில ஒழுகிக்கிட்டே கெடக்குது."

"மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ள போகாதுன்னு கடைக்காரர் சொன்னாருங்களே."

"உள்ள போகாதுங்க. உள்ள இருக்கறது வெளிய வராதுங்களே. ரப்பராட்டம் மூடிக்கும். அத்தன ஈரமும் ரூமுக்குள்ளதான் எறங்கும். செவுரெல்லாம் பூசணம் புடிச்சுப் போகும். பங்குனி வெயில்ல காயட்டும், நானே வந்து அடிச்சுத் தர்றேன்."

கொஞ்ச நேரம் யோசித்தேன். யோசிக்காமல் சொன்னதாக யாரும் நினைக்கக் கூடாது.

"அந்தச் செவுத்தையே மொதல்ல அடிங்க" என்றேன். "ஒரு கோட்டு சேத்தியே அடிங்க."

கல்யாணத்துக்கு வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். யார் பார்த்துச் சொன்ன நிறம் என்று கேட்டார்கள். நான்தான் என்று சொன்னேன்.

பெயிண்ட் காய்ந்ததில் மேற்கு ஜன்னல் கட்டையோடு ஒட்டிக்கொண்டது. "மருதா, தொறக்க மாட்டீங்குது" என்றார் நங்கை. "கன்னையனை வரச் சொல்றனுங்க" என்றேன். வரச் சொல்லவில்லை. குழாய்க்கு பிளம்பரிடம் சொல்லிவிட்டதாக வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதுவும் சொல்லவில்லை. சுவரில் கருப்பு படர ஆரம்பித்ததும் பீரோவை நகர்த்தி அங்கே வைத்தேன். அறை பார்க்க அடக்கமாக இருந்தது.

"ஏம்புள்ள, அக்கா ரூமுல ஒரு மாதிரி வாசம் அடிக்குது?" என்று ஒருநாள் கேட்டார் வீட்டுக்காரர்.

"தைலம் தேச்சுக்கறாங்கல்லங்க" என்றேன்.

நங்கை ஒரே ஒரு தடவை கேட்டார்.

"நான் ஹால்ல படுத்துக்கட்டுமா மருதா?"

என்னிடம் அவர் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"சம்பந்தி வந்து போற எடமுங்க. பாய் கெடந்தா நல்லா இருக்காதுங்களே."

அப்புறம் அவர் கேட்கவில்லை. அடுத்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் காபி கொண்டுபோனபோது உட்கார்ந்தபடியே போயிருந்தார். வீசிங் முற்றிவிட்டது என்றார் டாக்டர். எல்லோரையும் விட நான்தான் அதிகம் அழுதேன், பார்த்தவர்கள் சொல்வார்கள்.

மார்கழியில் நிர்மலா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். வீட்டுக்காரர் மேற்கு அறையைக் கூட்டி மகளுக்கு மெத்தை போட்டுவிட்டார். பார்த்ததும் ஓடிப்போய் மெத்தையைச் சுருட்டினேன்.

"ஏனுங்க, புள்ளைய இங்க படுக்க வெக்காதீங்க."

"ஏன்? அக்கா இங்கதான இருந்துச்சு?"

"செவுரு பூராம் ஈரமுங்க. நெஞ்சுக்கு ஆகாதுங்க."

அவர் பீரோவைத் தள்ளிப் பார்த்தார். அந்தச் சுவரில் கையை வைத்து, வைத்தபடியே நின்றார்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

அவரிடம் பொய் சொல்லக் கூடாது என்று தோன்றியது.

"அடிக்கறதுக்கு முந்தியேங்க" என்றேன்.

அவர் திட்டவில்லை, கை நீட்டவில்லை. போலீசுக்கும் போகவில்லை, மகளின் வாழ்க்கையை நினைத்திருப்பார். அன்றிலிருந்து அந்த அறையில்தான் படுக்கிறார். சுவரைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசலாம் என்றேன். ஆள் கூப்பிட விடவில்லை. ஹாலுக்கு வாருங்கள் என்று பேரனைக் கையில் வைத்துக்கொண்டே கூப்பிட்டேன். வரவில்லை. பத்துப் பதினைந்து நாளாக அவருக்கும் இருமல். நல்லது கெட்டது சொல்ல ஆள் இல்லை என்று நாளைக்கு யாரும் பேசக் கூடாது. நான் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். பிடிவாதம் அந்தக் குடும்பத்துக்கே உள்ளது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?