வசந்தமலர் பேரில் எட்டு வருசம்

இல்லைக் கணேசலிங்கம் அண்ணை, அந்தப் படிவத்தை மூடி வையுங்கோ. வேலை செய்ய ஏலாதவைக்குக் குடுக்கிற இன்வலிடிற்றி பெனிபிட் எங்களுக்குச் சரிவராது. ஓம், தெரியும், அதுதான் திறம். புருசன் உழைக்கிறானோ, பாங்கிலை காசு கிடக்கோ எண்டு ஒண்டும் கேக்கமாட்டினம். வேலை செய்து, சம்பளத்திலை வெட்டுற காப்புறுதிக் காசை, அந்த ஸ்ராம்பைக் கட்டியிருந்தால் காணும். என்ரை மனிசி லூர்தம்மா எட்டு வருசம் கட்டினவ. லோண்டரியிலை ஈரத்துணி தூக்கித் தூக்கித்தான் அவவின்ரை இடுப்பு, நாரி எல்லாம் போனது.

பிறகென்னவோ? அண்ணை, அந்த எட்டு வருசமும் வசந்தமலர் எண்ட பேரிலை.

வசந்தமலர் அவவின்ரை மச்சாள். எண்பத்திமூண்டுக் கலவரத்தோடை லண்டனுக்கு வந்த புதுசு, இவவுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மச்சாள் கனடாவுக்குப் போகேக்கை தன்ரை பேரையும் ஸ்ராம்ப் நம்பரையும் குடுத்திட்டுப் போனா. எங்கடை ஆக்கள் ஆர் செய்யேல்லை, சொல்லுங்கோ? பிறகு இவவுக்குச் சொந்த நம்பர் வந்தது. நான்தான் மறிச்சனான். இப்ப மாத்தினால் மனேச்சர் கேள்வி கேப்பான், கிடக்கட்டும் எண்டு. என்ரை வாய்தான் அண்ணை. இவ விழுந்த பிறகு கூட வேலை செய்த பெட்டையள் காட் ஒண்டு அனுப்பினவை, கெதியாச் சுகமாகி வா வசந்தமலர் எண்டு. அங்கை ரொறன்ரோவிலை வசந்தமலர் கல்லுமாதிரி இருக்கிறா. ஸ்ராம்ப் முழுக்க அவவுக்கு, நாரி நோ இவவுக்கு. சிரியுங்கோ, பரவாயில்லை. நானும் சிரிச்சனான்.

ஆனபடியால் வருமானம் இல்லாதவைக்கு அரசாங்கம் குடுக்கிற இன்கம் சப்போர்ட்தான். அதுக்கு ஸ்ராம்ப் தேவையில்லை. காசு குறைவெண்டாலும் அதோடை எவ்வளவு வருது பாருங்கோ. வாடகையைக் கவுன்சில் பாக்கும், பல்லுக் கட்டலாம், மருந்து சும்மா. அவவுக்கு மாசம் அஞ்சு மருந்து. காசு காணாமல் போனமுறை மூண்டுதான் எடுத்தனான். எந்த ரெண்டை விட்டால் பரவாயில்லை எண்டு மருந்துக்கடைக்காரனைக் கேட்டன். அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே...

அதுக்கு இடைஞ்சல் நான்தான். புருசன் முழுநேர வேலையெண்டால் அவவுக்கு ஒண்டும் இல்லை. வேலையை விட ஏலாதண்ணை. மகள் விசாவுக்காகக் கொழும்பு லொட்ஜிலை கிடக்கிறாள். அவளைக் கூப்பிட என்ரை வேலைக் கடிதம் கேக்கினம்.

அந்தப் பெட்டியிலை இல்லை எண்டு போடுங்கோ. ஓம், புருசன் கூட இருக்கிறாரோ எண்ட பெட்டிதான்.

பொய்யோ? அவவும் அதைத்தான் சொன்னா. வசந்தமலர் விசயத்தைச் சுவாமியிட்டைப் பாவசங்கீர்த்தனத்திலை சொல்லி அழுதவ. இனிச் செத்தாலும் பொய்யிலை கையெழுத்து வைக்கமாட்டன் எண்டா. ரெண்டு கிழமையாக் கெஞ்சினன், பேனையைத் தொடேல்லை. அவ சொல்லுறதும் சரிதானே.

எழுதுங்கோ அண்ணை. தோர்ண்டன் ஹீத்திலை எங்கடை ஆக்களின்ரை படிவமெல்லாம் நிரப்புறனீங்கள், உங்களைப் பொய்யிலை மாட்டுவனோ? கட்டிலிலை அவவைத் திருப்பிவிடக் கீழ்வீட்டு மேரிறோஸிட்டைக் கதவுத் திறப்புக் குடுத்திருக்கிறன். தலையணை எந்தப் பக்கம் வைக்கவேணும் எண்டும் சொல்லிக் குடுத்திட்டன்.

இந்தப் பையோ? தோய்க்கக் கொண்டு போறதில்லை. என்ரை உடுப்பு. லண்டனுக்கு வடக்கை, எட்மண்டனிலை ஒரு அறை எடுத்திட்டன், இண்டையிலையிருந்து. இப்ப அது பொய்யில்லைத்தானே? லூர்தம்மாவுக்கு இன்னும் தெரியாது. பால் வாங்கிக்கொண்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டனான்.

கையெழுத்து வாங்க நீங்கள் போகேக்கை, அண்ணை, ஒரு போத்தில் பாலும் கொண்டு போங்கோ.