ஹாலுக்குள் கிடக்கும் பெட்டி

திங்கள் காலை, பாபடோயிட்டோய் புறநகரிலிருந்து நகரத்துக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் வேலைக்குப் போகும் இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள்.

“ஹாலுக்குள்ள ஆரும் போகக்கூடாதெண்டு இவர் வாசலில கயிறு கட்டிப்போட்டார், அக்கா,” என்றாள் இளையவள். நான் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

“ஏன், என்ன நடந்தது?”

“சனிக்கிழமை சட்டலைட் டிவி பூட்ட வந்த ஆள், டிவிக்குப் பக்கத்தில ஒரு பெட்டியை விட்டிட்டுப் போயிட்டார். ரெண்டு வயர், ஒரு சிவப்பு லைட். லைட் மின்னிக்கொண்டே இருக்குது.”

“ஃபோன் பண்ணிக் கேக்கேல்லையோ?”

“மெஷின்தான் கதைக்குது. இண்டைக்குத்தான் ஆக்கள் வருவினமாம்.”

“அதுவரைக்கும் தூக்கி கராஜுக்குள்ள வைக்கலாமே?”

“நானும் அதைத்தான் சொன்னன். ‘குண்டு வெடிச்ச காலத்தில கொழும்பில பஸ்ஸுக்குள்ள கிடந்த பொதியை நீ தொட்டனியோ?’ எண்டு கேக்கிறார்.”

சிரிக்கத் தொடங்கிய மூத்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

“அதுவும் சரிதான். தொடாதேங்கோ. அப்ப ரெண்டு நாளா டிவி பாக்கேல்லையோ?”

“பாக்காமலோ! முற்றத்தில கதிரையைப் போட்டு, குடையையும் பிடிச்சுக்கொண்டு யன்னலால பாத்தனாங்கள். ரிமோட் கண்ணாடிக்குள்ளாலயும் நல்லா வேலை செய்யுது.”

“அயலட்டை என்ன நினைக்கும்?”

“பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வந்து, ‘உங்கட நாட்டில இப்பிடித்தான் டிவி பாக்கிறனீங்களோ?’ எண்டு கேட்டவர்.”

“அதுக்கு உங்கட மனிசன் என்ன சொன்னவர்?”

“ஓம் எண்டு சொல்லி, அவருக்கும் ஒரு கதிரை எடுத்துப் போட்டார்.”