மாடியிலிருந்து கீழே இறங்கினவ

இல்லீங்க, நீங்களே சொல்லுங்க சார், இது நியாயமா? இருபது வருஷம்! ஆஸ்லோ பார்லிமெண்ட் மாடியில, பார்வையாளர் பெஞ்சுல உக்காந்து, கீழ யார் பேசுறா, யார் கொட்டாவி விடுறா, யார் வாயே திறக்காம ஓட்டு போட்டுட்டுப் போறான்னு பாத்துப் பாத்து எழுதுனவ நான். யுரூன்னு பேரு. யுனிவர்சிட்டியில வாத்தியார். மாடியில இருந்தவளைக் கீழ இறக்கி விட்டுட்டாங்க சார்! இன்னைலேருந்து நானே மெம்பரு!

...ரயில் ஆஸ்லோ போய்ச் சேர நேரமிருக்கு, ரொட்டி எடுத்துக்குங்க. பழுப்புச் சீஸ்தான். பதட்டத்துல நிறைய கட்டிட்டேன்.

எல்லாம் அந்த ஆஸ்லேக்கால. கட்சி ஆபீஸ்ல இருக்கா, என் சிநேகிதி. 'வேட்பாளர் பட்டியல்ல கடைசியில ஒரு பேரு குறையுதுடி, சும்மா அலங்காரத்துக்கு'ன்னா. சரின்னேன். ஜெயிச்சவரு மந்திரியாயிட்டாரு; மந்திரியானா சபை சீட்டை விட்டுடணும், பட்டியல்ல அடுத்த ஆளு பதிலாளா வரணும். பதிலுக்கு வரவேண்டிய பொண்ணுக்கு ரெட்டைக் குழந்தை. அடுத்தவரு பனிச்சறுக்குல காலை முறிச்சுக்கிட்டாரு. அந்த வயசுல அந்த மலை தேவையா அவருக்கு? அப்புறம் யாரு? நான்!

கூத்து என்னன்னா, 'பதிலாளுங்க சபையில மேஜை நாற்காலி மாதிரி'ன்னு புஸ்தகம் போட்டவளே நான்தான். நேத்து பேப்பர்ல என் போட்டோவுக்குக் கீழ அதையே போட்டிருக்கான்! ஹய்யோ... சிரிச்ச சிரிப்புல காபியைக் கொட்டிட்டேன்.

எங்க துறைத் தலைவர் தூர்பியோன் இருக்காரே, 'உள்ள போனா உன் அடுத்த புஸ்தகம் அவ்வளவுதான். தன் ஆட்டத்துக்குத் தானே மார்க் போட முடியுமா?'ங்கறாரு. பாதி எழுதியாச்சு சார், வயிறு எரியுது! அதுலயும் இன்னைக்கு, ஆட்டைத் தின்னுற ஓநாயைச் சுடலாமா கூடாதான்னு விவாதம். நான் பேசணுமாம். ஓநாயைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? ஓநாய்னதும் அந்தச் சபையில யார் யாருக்குக் காது சிவக்கும்னுதான் அத்துப்படி!

என்ன? வேணாம்னு சொல்லியிருக்கலாமா? அதெப்படி, ஜெயிச்சாலும் பதிலாளா வந்தாலும் போயே ஆகணும், சட்டம். வருஷா வருஷம் நானே பாடம் எடுக்கறேன். உடம்பு முடியலைன்னா விடுவாங்க... ம்... முதுகு வலி இருக்கு எனக்கு. டாக்டரு எழுதித் தர்றேன்னுகூடச் சொன்னாரு. சபை ஆபீஸ் பொண்ணு ஃபோன்ல, 'உங்களுக்கு உடம்பு ஏதாவது...'ன்னு ஆரம்பிச்சுது. முடிக்க விட்டாத்தானே! 'எனக்கென்னம்மா, கல்லு மாதிரி இருக்கேன், எத்தனை மணிக்கு வரணும்?'னு கத்திட்டேன்! இதை இன்னும் யார்கிட்டயும் சொல்லலை சார். ஆஸ்லேக்கைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்...

அட, எந்திரிச்சுட்டீங்க? ஆஸ்லோ போறேன்னுதானே சொன்னீங்க? இது லில்லஸ்ட்ரோம் சார், ஆஸ்லோ அடுத்த ஸ்டேஷன்! சார்!