அளவாக வெட்டிய ரப்பர்

வெள்ளைத் துணிக்கு நீலம் போடும்போது பெரும்பாலானவர்கள் அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு சிட்டிகை போதும். என் வீட்டுக்காரர் யாகப்பனின் சட்டைகளுக்கு நான்தான் நீலம் போடுவேன், ஒரு நாளும் திட்டுத் திட்டாக விழுந்ததில்லை. எங்கள் வாஷிங் மெஷின் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்ததும் அதே நீலத்தை வைத்துத்தான். கண்டுபிடித்து அடைக்கவும் செய்தேன். மறுநாள் அவர் இறந்துபோனார். கேட்டீர்கள் என்பதால் வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

எழுபத்து நான்கில் அதியமான்கோட்டையில் மின்விசிறி இருந்த வீடுகளே சொற்பம். அந்த ஊருக்கு வாஷிங் மெஷின் கப்பலில் வந்து, பிறகு லாரியில் வந்தது. அனுப்பியவர் அருள்நாதன், என் வீட்டுக்காரருடைய அக்காள் மகன். குவைத்தில் வேலை. நாற்பது வயது. ஒரு மனைவியை ஏற்கெனவே அடக்கம் செய்தாயிற்று. எங்கள் ஒரே மகள் இசபெல்லாவை அவருக்குக் கட்டிக்கொடுப்பதாக என் வீட்டுக்காரர் வாக்குக் கொடுத்தார், அவர் மெஷினைக் கொடுத்தார். வாக்கு இவர் வாயிலிருந்து சுலபமாக இறங்கிவிட்டது. மெஷினை இறக்கத்தான் ஆறு பேர் தேவைப்பட்டார்கள்.

துவைக்கிற சாமான் பின்கட்டில் இருக்க வேண்டும். ஆனால் அங்கே வைத்தால் ஊருக்கு எப்படித் தெரியும்? நடுவீட்டில், இருதய ஆண்டவர் படத்துக்கு நேர் கீழே வைத்தார். பங்குச் சாமியாரை அழைத்து மந்திரிக்கவும் செய்தார். மெஷினுக்கு என்ன செபம் என்று சாமியாருக்கும் தெரியவில்லை. மாட்டு வண்டிக்குச் சொல்வதைச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் குள்ளம்மாள் மூடிக்குள் எட்டிப் பார்த்தாள். “இதென்னாக்கா, துணிய உள்ளார வுட்டு சாமியாட வெக்கிறாங்களா?”

“தள்ளி நின்னு பாரு குள்ளம்மா. உன் மூச்சுக் காத்து பட்டா துரு புடிச்சிக்கும்” என்றார் இவர்.

“அப்ப நீங்க எப்படிண்ணா இவ்ளோ கிட்ட நிக்கிறீங்க?” என்றாள் அவள்.

மெஷின் வந்த சில வாரங்களில் எலி ஒன்று அடியில் புகுந்து ஒயரைக் கடித்தது. தகரத்தைத் தொட்டால் சுருக்கென்று அடித்தது. அதன் பிறகு இவர் அதில் கை வைப்பதில்லை. மரமணையைப் போட்டு அதன் மேல் என்னை நிற்க வைத்து ஓட்டச் சொல்வார். “லேசாத்தான அடிக்குது? பழகிக்க” என்பார். ஒரு நாள் வயர்மேன் தீர்த்தகிரி வந்து, கடித்த இடத்தில் சிவப்பு டியூப் துண்டு ஒன்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

“அக்கா, இந்த ரப்பர் இருக்கறவரைக்கும் பயமில்லீங்க. இது அவுந்துச்சுன்னா தகரம் பூராவும் கரண்டு. அண்ணங்கிட்ட சொல்லி புது ஒயர் மாத்திருங்க.”

அவர் சொன்ன அண்ணன் அப்போது தன் சைக்கிள் கடையில் இருந்தார். சோறு போடும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அன்று குழம்பில் உப்பு குறைவு என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. கரண்டு அடிப்பது நின்றுவிட்டதை மட்டும் இவர் கவனித்தார், மணையை எடுக்கச் சொல்லவில்லை.

இசபெல்லாவுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அந்தக் கடிதம் வந்த நாளில் அவள் என்னைத் தூக்கிச் சுற்றினாள். நான் ஒன்றும் ஒல்லியான பெண் இல்லை. பயிற்சிக்கு அனுப்பச் சொல்லி இவரிடம் கேட்டேன். மெஷினை வாங்கி வைத்துக்கொண்டு பெண் இல்லை என்று சொல்வது மானமுள்ளவன் செய்கிற காரியமா என்று கேட்டார். அப்படியானால் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றேன். அப்போதுதான் மெஷின் ஒழுக ஆரம்பித்திருந்தது. கடவுளே ஒரு வழியைத் திறந்துவிட்டதாக நினைத்தேன்.

“மெஷின் ஒழுவுதுங்க. சரியில்லன்னு சொல்லித் திருப்பி அனுப்பிருவோம். பொண்ணும் படிக்கப் போவட்டும்.”

“ஒழுவுனா அடைக்கணும். அதுக்கோசரம் மாப்பிள்ளைய மாத்துவாங்களா? லீவுல வந்திருக்கறாரு. ஞாயித்துக்கெழம நிச்சயம் பண்ண வர்றாங்க. நடுவூட்ல தண்ணி நின்னா என்னா நெனைப்பாரு? அதுக்குள்ள நிறுத்து.”

நான் சொன்ன பேச்சு கேட்கிறவள். சனிக்கிழமை, சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் ஊற்றி நீலத்தைக் கரைத்தேன். அன்று ஒரு சிட்டிகை போதாது, கை நிறையப் போட்டேன். மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கிச் செங்கல் வைத்து, தரையில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தொட்டிக்குக் கீழே வெளியேறும் ரப்பர் குழாயின் கழுத்தில் ஒரு வெடிப்பு. அங்கிருந்து நீலம் கோடு போட்டு இறங்கியது. பெரிய விஷயமே இல்லை. ஒரு துண்டு ரப்பரைச் சுற்றிக் கம்பியால் முறுக்கினால் தீர்ந்தது.

துண்டு ரப்பர் என் கண்ணுக்கு நேரே இருந்தது. ஒயரில் சுற்றியிருந்த சிவப்பு ரப்பர்.

உங்கள் வீட்டுக்காரர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர், வீட்டில் டியூப் துண்டுக்கா பஞ்சம் என்று கேட்பீர்கள். பஞ்சமில்லை. கொல்லையில் ஒரு சாக்கு நிறையக் கிடந்தது. ஆனால் அதை வெட்ட வேண்டும், அளவு பார்க்க வேண்டும். இது அளவாக வெட்டியே இருந்தது. அவிழ்த்தேன், குழாயில் சுற்றினேன், கம்பியை முறுக்கினேன். ஒயரை இருந்த இடத்திலேயே தகரத்தின் மேல் வைத்தேன். மறுபடியும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. சுவிட்சைப் போட்டுப் பார்க்கவில்லை. ஒழுகல் நின்றதா என்று பார்க்கக் கரண்டு எதற்கு?

இரவு சாப்பிடும்போது கேட்டார். “நின்னுருச்சா?”

“நின்னுருச்சுங்க.”

“அப்ப அந்த மணைய எடுத்து உள்ள போடு. மாப்பிள்ளை பார்த்தா பட்டிக்காடுன்னு நெனைப்பாரு. நாளைக்கு நானே ஓட்டிக் காட்டறேன்.”

மணையை எடுக்கச் சொன்னது அவர்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அருள்நாதன் நாலைந்து உறவுக்காரர்களுடன் வந்தார். குள்ளம்மாளும் வந்தாள். என் வீட்டுக்காரர் வாளியில் தண்ணீர் எடுத்து மெஷினில் ஊற்றி, நாலு வெள்ளைப் பனியன்களைப் போட்டு, சுவரில் சுவிட்சையும் தட்டினார். நான் காப்பித் தட்டோடு சமையலறைக் கதவருகே நின்றிருந்தேன்.

“மாமா, பொண்ணே ஓட்டட்டுமே. நாளைக்கு அங்க வந்து அதான ஓட்டப் போவுது?” என்றார் அருள்நாதன். எல்லோரும் சிரித்தார்கள்.

“அதுவும் சரிதான். இசபெல்லா, வாம்மா.”

அவள் வந்தாள். வீட்டுக்குள் யார் செருப்புப் போடுகிறார்கள்? வெறுங்கால். தண்ணீர் டம்ளர் கழுவிய கை. சோப்புத் தூள் போட மூடியைத் திறக்கக் கையை நீட்டினாள்.

“இரு இரு, ஒடச்சு வெச்சிராத. நான் போட்டுக் காட்டறேன், நீ பாத்துக்க” என்று அவளைத் தள்ளிவிட்டு இவர் மூடியைப் பிடித்தார்.

ஒரு சத்தமும் போடவில்லை. வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. மெஷினைக் கட்டிப்பிடித்த மாதிரி நின்றார். வந்தவர்கள் அதுவும் ஓட்டிக் காட்டுவதில் ஒரு பகுதி என்று கொஞ்ச நேரம் நினைத்தார்கள். குள்ளம்மாள்தான் விளக்குமாற்றுக் கட்டையால் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். அவர் கீழே விழுந்தார். வாயருகே காது வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

எலி கடித்த ஒயர் என்று போலீசார் எழுதிக்கொண்டு போனார்கள். சிவப்பு ரப்பர் சுற்றித்தான் கொடுத்தேன் என்று தீர்த்தகிரி அழுதார். ஒயரில் ரப்பர் இல்லை. குழாயை யாரும் குனிந்து பார்க்கவில்லை. என்னைக் கேட்டார்கள், எனக்குத் தெரியாது என்றேன். அதற்குப் பிறகு தீர்த்தகிரியை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. குடும்பத்தோடு ஓசூர் பக்கம் போய்விட்டார். அவர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

சகுனம் சரியில்லை என்று அருள்நாதன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டார். மெஷினைத் திருப்பிக் கேட்கவில்லை. இசபெல்லா படித்து, கம்பைநல்லூரில் டீச்சர் ஆனாள். எல்லாம் நினைத்தபடியே நடந்தது. நஷ்டப்பட்டவர் என்று பார்த்தால் ஒருவர்தான், அவரும் புகார் செய்யவில்லை.

வேலைக்குப் போன அடுத்த வருஷம் லீவுக்கு வந்தவள், இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதே, காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்று மெஷினைச் சாய்த்தாள். குழாயில் சிவப்பு ரப்பர் இருந்தது. கம்பியைப் பிரித்து அதைக் கையில் எடுத்தாள். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“அன்னைக்கு நான் கைய நீட்டுனப்ப நீ கதவுகிட்டதான நின்ன? ஏம்மா பேசாம நின்ன?”

கத்துவதற்கு வாயைத் திறந்துவிட்டேன், அதற்குள் உன் அப்பா உன்னைத் தள்ளிவிட்டார் என்றேன்.

“தட்டு ஆடவே இல்லியேம்மா” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. அவளுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன் என்பது ஒரு நாள் அவளுக்குப் புரியும். நான் வாயைத் திறந்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தட்டை மட்டும் கீழே போடவில்லை, வாஸ்தவம். அப்போதுதான் தரையைத் துடைத்து முடித்திருந்தேன்.