பதினான்கு கிண்ணம் பழக்கூழ்

அமிலம் குறைக்கும் மாத்திரையை வெறும் வயிற்றில், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் விழுங்க வேண்டும். மருந்துக்கடைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்துவிட்டது. கேட்பவர்கள் நன்றாகத் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு சேர்த்து விழுங்குவார்கள். அப்புறம் மாத்திரை சரியில்லை என்று என்னிடமே சண்டைக்கு வருவார்கள். மருந்தைச் சொன்னபடி சாப்பிடுகிற ஒரே ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் அக்கா.

அவளைப் பற்றித்தான் நேற்று போனில் கேட்டீர்கள், டாக்டரம்மா. ஆறு மாதத்துக்கு முன் நீங்கள் பைக்குள் ஊதச் சொல்லிப் பார்த்த பரிசோதனையில், வயிற்றில் புண் உண்டாக்கும் கிருமி இல்லை என்று வந்தது. போன மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தால் புண்ணில் அதே கிருமி. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு வாரத்தில் அவள் அமில மாத்திரை ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டீர்கள். தப்பு உங்கள் பக்கம்தானோ என்ற பயம் உங்கள் குரலில் இருந்தது. கடையில் கூட்டம் என்று சொல்லி வைத்துவிட்டேன். கடையில் ஈ காக்கை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா தையல்காரி. என் கடைக்கோட்டின் கழுத்துப் பட்டைக்கு அடியில், வெளியே தெரியாமல், 'அரை டாக்டர்' என்று சிவப்பு நூலில் தைத்துக் கொடுத்தவள். கேலிதான். ஆனால் அக்கம்பக்கத்தில் யாருக்காவது தலைவலி என்றால், "என் தம்பிகிட்ட கேளுங்க" என்று அனுப்பும்போது அவள் முகத்தில் கேலி இருக்காது. அவளுக்கு வயிற்றில் எரிச்சல் தொடங்கியபோது என்னிடம்தான் வந்தாள். "வெறும் அமிலம்க்கா, பயப்படாதே" என்றேன். பதினான்கு நாளில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பார்க்கவும் என்று மாத்திரை டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதை ஊருக்கெல்லாம் படித்துக் காட்டுகிறவன் நான். அக்காவுக்கு டப்பா இல்லாமல் அட்டையை மட்டும் கொடுத்தேன். ஆறு மாதம் கொடுத்தேன்.

அத்தான்தான் அவளைப் பிடித்து இழுக்காத குறையாக உங்களிடம் கூட்டி வந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளிடம்கூடக் குரலை உயர்த்தாதவர், அன்றைக்கு உயர்த்தினார். துணைக்கு நானும் வந்தேன். நீங்கள் அக்காவிடம், "கடையில மாத்திரை எடுத்துக் குடுக்கிறவர் சொன்னார்னு ஆறு மாசமா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டீர்கள். அது நான்தான் என்று உங்களுக்குத் தெரியாது. அக்கா விட்டுக்கொடுக்கவில்லை. "சும்மா ஆள் இல்லைங்க. இதோ நிக்கிறானே, என் தம்பி. அரை டாக்டர்" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். தப்பே இல்லை, சிரிக்கிற விஷயம்தான்.

அப்புறம் சொன்னவை எல்லாம் எனக்கு வரி வரியாக நினைவிருக்கிறது. வலி மாத்திரையைத் தொடக் கூடாது. முட்டி வலித்தால் வெறும் காய்ச்சல் மாத்திரை போதும். அமில மாத்திரையை இரண்டு வாரம் அடியோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி பதுங்கிக்கொண்டு பரிசோதனையை ஏமாற்றிவிடும். நடுவில் எரிந்தால் ரோஸ் நிற நீர்மருந்து ஒரு மூடி. கிருமி தெரிந்தால் இரண்டு வார மருந்தில் அதைக் கொன்று புண்ணை ஆற்றிவிடலாம். மிகச் சரியான வைத்தியம், டாக்டரம்மா. கவுண்டரில் நின்றே எனக்கு அது தெரியும்.

கூடவே இன்னொன்றும் தெரியும். பல மாதம் சாப்பிட்டவர்கள் இந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால், எரிச்சல் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். அக்கா மிஷின் மேல் கவிழ்ந்து துடிப்பதை நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? அவள் வீட்டு மாடியில்தான் என் குடித்தனம். காலையில் கடைக்குப் போகுமுன் ஒரு ஆப்பிளை வேகவைத்து மசித்து, அதே அமில மருந்தின் கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளே இருக்கும் குருணையைக் கலந்து, கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். குருணையைக் கடித்தால் மருந்து வீணாகும். அதனால் மெல்லவே தேவையில்லாதபடி கூழாக்கினேன். வேலை என்று வந்தால் நான் சுத்தம்.

"என்னடா, கல்யாணம் ஆன புதுசுலகூட உன் பொண்டாட்டிக்கு இவ்வளவு பண்ணியிருக்க மாட்டே" என்றாள். என் மனைவி மாடிப்படியிலிருந்து, "மாட்டார் அண்ணி, எழுதித் தரேன்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். பதினான்கு காலையும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள்.

எத்தனையாவது நாள் வலி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. முதல் நாள் காலையிலேயே கலந்துவிட்டேன். அந்த இரண்டு வாரமும் அவள் ஒரு நாள்கூடத் துடிக்கவில்லை. ரோஸ் நிற மருந்தின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

முடிவு வந்த அன்று, கிருமி இல்லை என்று தாளைப் பார்த்து நீங்கள்தான் படித்தீர்கள். அக்கா என் முழங்கையில் இடித்து, "நான் சொல்லல? வெறும் அமிலம்னு என் தம்பி சொன்னா சொன்னதுதான்" என்றாள். நீங்களும் பெருந்தன்மையாக, "உங்க தம்பி ஜெயிச்சிட்டார்" என்றீர்கள். பரிசோதனையைத் திரும்ப எடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. தொண்டை வரை வந்தது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்தை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை.

எட்டு வாரம் அமில மாத்திரை எழுதினீர்கள், அப்புறம் குழாய் விட்டுப் பார்க்க வரச் சொன்னீர்கள். எட்டு வாரமும் நேரம் தவறாமல் விழுங்கினாள். முடிந்ததும், "போகணுமாடா?" என்று என்னிடம் கேட்டாள். நன்றாகத்தானே இருக்கிறாய் என்றேன். அவளுக்கும் குழாய் என்றால் பயம். மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். நீங்கள் எட்டு வாரம்தான் எழுதியிருந்தீர்கள்.

பள்ளிச் சீருடை தைக்கிற மாதம் முட்டி வலி தாங்கவில்லை. அவள் கெஞ்சிக் கேட்டதால் அத்தான் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்திருக்கிறார். என் கடையில் கேட்டால் திட்டுவேன் என்று அடுத்த தெருக் கடையில் வாங்கியிருக்கிறார். மூன்று வாரம். ஒரு மத்தியானம், பாதி தைத்த சட்டையின் மேல் காப்பிப் பொடி மாதிரி கறுத்த ரத்தமாக வாந்தி எடுத்து அக்கா சாய்ந்தாள். அத்தான் வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். பிள்ளைகள் விட்டுப்போன தண்ணீர் பாட்டில்கள் அவள் காலடியில் உருண்டுகொண்டிருந்தன. இரண்டாம் நாள் மாலை போய்விட்டாள். ஐம்பத்தோரு வயது.

அந்த வலி மாத்திரை அட்டையை அத்தானின் சட்டைப் பையிலிருந்து அவர் மகள் எடுத்தாள். நேராக என்னிடம் வந்தாள். மருந்து விஷயத்தில் எங்கள் வீட்டில் மேல்முறையீடு என் கடையில்தான். அட்டையைக் கவுண்டரில் வைத்து, "மாமா, உங்களுக்குத் தெரியும். உண்மையைச் சொல்லுங்க. இதனாலதானா அம்மா போனாங்க?" என்று கேட்டாள்.

"வயித்துப் புண்ணுக்கு இது ஆகாதும்மா. ரத்தம் கசியும்" என்றேன். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, டாக்டரம்மா. எந்தப் புத்தகத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

அவள் அன்றே தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாவின் போனை எடுப்பதில்லை. பேரனைக் கண்ணில் காட்டுவதில்லை. அத்தானுக்கு இப்போது சோறு இறங்குவதில்லை. வயிறு எரிகிறது என்றார். மாத்திரை கொடுத்தேன். டப்பாவோடு கொடுத்தேன். பதினான்கு நாளில் கேட்காவிட்டால் உங்களிடம் வரச் சொல்லி, அந்தப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தும் காட்டினேன்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: சாப்பிட்டாள். பதினான்கு நாளும் சாப்பிட்டாள். அவளுக்குத் தெரியாமல் நான்தான் கொடுத்தேன். உங்கள் பரிசோதனையில் குற்றமில்லை. நீங்கள் நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

வீட்டில் மட்டும் இதைச் சொல்ல வேண்டாம். இப்போதுதான் எல்லாம் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. தினமும் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு அத்தான் வருவார். கவுண்டரைப் பிடித்துக்கொண்டு, "நான்தானே மாப்ளே அவளைக் கொன்னேன்?" என்று கேட்பார். நான் அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். "விடுங்க அத்தான், தெரியாமத்தானே செஞ்சீங்க" என்பேன். அவர் அழுவார். நானும் அழுவேன். அவர் மேல் எனக்குத் துளிகூடக் கோபம் இல்லை, டாக்டரம்மா. அவரை நான் மனசார மன்னித்துவிட்டேன்.