குட்டை ஜிங்கோவும் மச்சானும்

குட்டை ஜிங்கோ மரத்துக்கு நீர் தேங்காத மண் வேண்டும். வளர்ப்பவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது நிறையவே உண்டு. தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு நாலு விரல்கடை வளர்ந்தாலே பெரிது என்கிற மரத்தை, பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துப் பார்த்து இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவியின் அண்ணன் ஒரு வாரம் தங்கிவிட்டுப் போவதாக வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன். சாய்வு நாற்காலியை விட்டுக்கொடுத்தேன், தொலைக்காட்சியையும்.

அந்த மரத்துக்கு ஒரு குணம். குளிர் தொடங்கியதும் இலையெல்லாம் மஞ்சளாகி, ஒரே நாளில் மொத்தமாகக் கொட்டிவிடும். பிறகு துளிர்க்கும். நான் வேலைக்குப் போயிருந்தபோது கொட்டியிருக்கிறது. மச்சான் மொட்டைக் குச்சிகளைப் பார்த்து, செத்துவிட்டது என்று முடிவுகட்டி, வேரோடு பிடுங்கி வேலியோரம் போட்டுவிட்டார். அதுவரை வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாத மனிதர். நகத்தால் பட்டையைச் சுரண்டியிருந்தால் உள்ளே பச்சை தெரிந்திருக்கும்.

"நல்ல மரமா ஒண்ணு வாங்கி வைங்க மாப்பிள்ளே. இது இருந்தா என்ன, போனா என்ன?" என்றார்.

ஆனாலும் நான் குரலை உயர்த்தவில்லை. "பரவாயில்ல மச்சான், திரும்ப நட்டுப் பார்ப்போம். குழி மட்டும் நீங்க தோண்டிக் குடுங்க," என்றேன்.

பாவம், தோண்டினார். முழங்கால் ஆழமே அதிகம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மார்பளவுக்கு இறக்கினேன்.

"மரம் வைக்கிறோமா, கிணறு வெட்டுறோமா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் குனிந்தபோது கடப்பாரையால் ஒரே ஒரு அடி. பிறகு நாடி பிடித்துப் பார்த்தேன். அவரைப் போல அவசரமாக முடிவுகட்டுகிற ஆள் இல்லை நான். லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. மண்ணைத் தள்ளி, மேலே மரத்தை நட்டேன்.

கடையிலிருந்து வந்த மனைவியிடம், அண்ணன் ஊருக்குக் கிளம்பிவிட்டார் என்றேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, என் மேல என்ன கோபமோ?" என்று குளிர்காலம் முழுக்க அழுதாள். நான்தான் தேற்றினேன். மரத்துக்குத் தண்ணீர் விட்டதெல்லாம் அவள்தான்.

உங்கள் ஆட்கள் தோண்டும்போது வேர் அறுபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன வாரம்தான் துளிர் விட்டிருக்கிறது. மரம் பிழைத்துக்கொண்டதால், மச்சானை நான் மன்னித்துவிட்டேன்.