யார் திரையிலும் தெரியாத படகு

அந்தச் சின்னப் பெட்டி வேணாங்க, வச்சிடுங்க. அது கேக்க மட்டுந்தான் செய்யும். பெரிய கப்பலெல்லாம் ‘நா இங்க இருக்கேன், இந்த வேகத்துல வர்றேன்’னு சொல்லிக்கிட்டே போகுமில்ல, அது உங்க திரையில தெரியும். சரி, உங்களுக்கு அவனத் தெரியுது. அவனுக்கு உங்களத் தெரிய வேணாமா?

நா கடைக்காரி இல்லங்க. கடைக்காரர் உள்ள பேட்டரி எடுக்கப் போயிருக்கார். நானும் உங்கள மாதிரி வந்தவதான்.

உங்க படகு எத்தன அடி? இருபத்திரண்டா... எங்களது இருபத்தாறு. உள்ள ரெண்டு பேர் படுக்கலாம். ஒருத்தர் திரும்பிப் படுத்தா இன்னொருத்தரும் திரும்பணும், அவ்வளவுதான் எடம். எங்க வீட்டுக்காரர் பல் டாக்டர். எந்தக் கருவி வாங்கறதுன்னு நாலு மாசம் படிச்சாருங்க. சோறு போட்டா ராடார், படுத்தா ராடார். ராடார் வச்சா எங்க பேட்டரி தாங்காதாம். பாய்மரத்துல தகடு மாட்டினா, கப்பல்காரன் ராடார்ல ஒரு புள்ளியாத் தெரிவோமாம். ஆனா அலை தூக்கி அடிச்சா எது புள்ளி, எது அலைன்னு அவனுக்கே புரியாதாம். கடைசில கேக்கவும் கேக்கற, நம்மளப் பத்திச் சொல்லவும் சொல்ற இந்தப் பெரிய பெட்டி. ஒயரெல்லாம் அவரே இழுத்தார். வாய்க்குள்ள வேர் தேடற மனுஷனுக்குப் படகுக்குள்ள ஒயர் இழுக்கத் தெரியாதா என்ன.

மூணு வாரம் முன்னாடி, காலைல ஒம்பது மணி, நல்ல மூடுபனி. ஒரு சரக்குக் கப்பல் எங்களப் பாத்து நேரா வருது. பன்னண்டு நிமிஷத்துல மோதும்னு பெட்டி கத்துது. ‘அவன் திரையில நாமளும் இருக்கோம், ஒதுங்கிடுவான்’ங்கிறார் இவர். ஒதுங்கல. ஏழு நிமிஷம் ஆச்சு. ரேடியோல கூப்பிட்டார். அந்தப் பக்கம் ஒருத்தர், ரொம்ப மரியாதையா, ‘ஐயா, என் திரையில அந்த இடத்துல யாருமே இல்லையே’ங்கிறார்...

இவர் எஞ்சினப் போட்டுத் திருப்பினார். கப்பல் எங்களுக்குப் பின்னால போச்சு. நா பாக்கலங்க, கேட்டேன். ஒரு கட்டடமே நகந்து போற மாதிரி சத்தம். அப்பறம் அலை வந்து பாத்திரமெல்லாம் கீழ.

அன்னையிலேருந்து ‘என் ஒயர்தான் தப்பு, உன்னக் கொன்னிருப்பேன்’னு ஒரே புலம்பல். மூணு தடவ பிரிச்சு மாட்டியாச்சு. எந்தப் பல்லப் பிடுங்கணும்னு வந்தவங்கதான் இப்ப அவருக்கு ஞாபகப்படுத்தறாங்க. நேத்து, படகையே வித்துடலாம்னுட்டார்.

என்ன... சுவிட்சா? அந்தப் பெட்டியோட வந்த புத்தகத்த விரல் வச்சுப் படிக்காதீங்க. ஆமா, இருக்கு. அதப் போட்டா பெட்டி கேக்கும், சொல்லாது.

நாந்தாங்க போட்டேன்.

என் நாத்தனார் வீடு மாத்தறாங்க, சாமான் கட்ட வரச் சொன்னாங்க. முதுகு வலி, எந்திரிக்கவே முடியலன்னேன். ஒரு மணி நேரத்துல போன். ‘முதுகு வலி முகத்துவாரத்தத் தாண்டிடுச்சு போலிருக்கே’ன்னாங்க. பெட்டி சொல்றத வச்சு எந்தப் படகு எங்க நிக்குதுன்னு போன்லயே யார் வேணா பாக்கலாமாம், எனக்கென்ன தெரியும்? அடுத்த தடவ படகுல கெளம்பறப்ப அந்த சுவிட்சப் போட்டுட்டேன். கப்பல் போன பிறகுதான் உறைச்சுது. அவர் பாக்கறதுக்குள்ள மறுபடி மாத்திட்டேன். அதான் எத்தன தடவ சோதிச்சாலும் எல்லாம் சரியா இருக்கு, அவருக்குப் பைத்தியம் பிடிக்குது.

இங்க எதுக்கு வந்தேன்னா... ‘பெட்டிலதான் கோளாறு’ன்னு கடைக்காரர் ஒரு வார்த்த சொன்னாப் போதும்னுதான். கடைக்காரரும் பாவம், எனக்காக எதுக்குப் பொய் சொல்லணும்.

அவர்கிட்டக் கேக்கவே வேணாம். நா கெளம்பறேன். எங்க வீட்டுக்காரர் இப்பவும் துறையிலதான் ஒயரப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கார். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. முதல்ல, கையில இருக்கறதக் கீழ வச்சுட்டுப் பக்கத்துல வந்து உக்காருங்கன்னு சொல்றேன்.